ஒரு வாரம் தொடக்கூடாத கார்

பாப்பா,

நீ கேட்டது சின்னக் கேள்விதான். "அப்பா, கடையில விக்கிற வாக்ஸையே பூசிக்கிட்டு இருப்பமா, இல்ல உங்க மாப்பிள்ள ஷொப்ல பூசுற கோட்டிங்க நம்ம காருக்கும் பூசிருவமா? நீங்களே யோசிச்சு சொல்லுங்க" என்று போனில் கேட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிட்டாய். நானும் யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன். யோசிக்க யோசிக்க உடம்பு அசந்துபோகிறதே தவிர, பதில் வருகிற மாதிரி இல்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், பக்கத்தில் மாப்பிள்ளை இருப்பார். அவரை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய பதில் இல்லை இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னா, தோட்டத்து துரைக்கு பெட்டிசம் எழுதுறீங்களா?" என்று கேட்கிறாள். "ஆமா, உன்னையப் பத்திதான்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாக்ஸ் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். அதற்காக நீ கொழும்பிலிருந்து வருகிறாய். கோட்டிங் பூசினால் மூன்று வருடத்துக்குக் கவலையில்லை என்கிறார் மாப்பிள்ளை. அப்படியென்றால் மூன்று வருடத்துக்கு நீ எதற்காக வருவாய்? இதுதான் என் பயம். கல்யாணம் முடிந்து நீ போனபோதுகூட எனக்கு இப்படி இல்லை. எப்படியும் வாக்ஸ் பூச வருவாய்தானே என்று ஒரு தைரியம் இருந்தது. இப்போது அந்தத் தைரியத்துக்கே வேட்டு வைக்கிற மாதிரி ஒரு போத்தலைக் காட்டுகிறீர்கள் இரண்டு பேரும்.

நீ இந்தக் காரை வாங்கிக் கொண்டுவந்து நிறுத்திய நாள் ஞாபகம் இருக்கிறதா? காலமெல்லாம் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டி, ஓய்வு வாங்கிக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் லயத்து வீட்டுக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "இந்தாங்கப்பா, வாடகைக்கு ஆள் ஏத்தி ஹயர் ஓட்டுங்க. சும்மா இருந்தா நீங்க அம்மாகூட சண்டதான் போடுவீங்க" என்று சாவியைக் கையில் கொடுத்தாய். யாரோ ஓட்டிய பழைய கார்தான். ஆனால் அந்தக் கருநீலம், அப்பாடி, முகம் பார்த்துத் தலை சீவலாம் போல மின்னியது. கொழும்பில் ஒரு பெரிய ஷொப்பில் விட்டு கோட்டிங் பூசி எடுத்து வந்ததாகச் சொன்னாய். "ஒரு வாரம் யாரும் தொடக்கூடாதுப்பா. தண்ணி படக்கூடாது. அது நல்லா காயணும். அதுவரைக்கும் ஹயர் ஓடாதீங்க" என்று அழுத்திச் சொல்லிவிட்டு, அன்று மாலையே தெமோதரையில் ரயில் ஏறிவிட்டாய். நானும் காரைச் சுற்றிக் கயிறு கட்டி, பிள்ளைகள் யாரும் கிட்டே வராமல் கம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரத்தில்தான் வெள்ளிக்கிழமை வந்தது. நம் தோட்டத்தில் ஆட்டோவாக இருந்தாலும் லொறியாக இருந்தாலும் கோயில் வாசலில் பூசை போடாமல் முதல் ஹயருக்கு ஓடியதே கிடையாது. இது உனக்கும் தெரியும். தொடக்கூடாது என்று நீ சொன்னது சின்னப் பிள்ளைகளை, கை படுகிறவர்களை என்று நான் நினைத்தேன். சாமி காரியத்துக்கும் சேர்த்தா சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பூசாரி குளித்து முழுகி வந்து, பொனட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். திருநீற்றுப் பட்டை வேறு. பிறகு வேப்பிலையால் மஞ்சள் தண்ணீரை எடுத்துக் காரைச் சுற்றிச் சுற்றித் தெளித்தார். சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்து, அந்தத் தண்ணீரும் கண்ணாடியெல்லாம் தெறித்து, பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது. சாமி கொடுத்த பொட்டை நாமே துடைப்பதா என்று அப்படியே விட்டுவைத்தேன். விடியும்போது பனி இறங்கிப் பொட்டு கரைந்து வழிந்திருந்தது. துடைத்தேன். சந்தனம் போனது, மஞ்சள் கறை போகவில்லை. காரெல்லாம் அம்மை போட்ட மாதிரி புள்ளி.

பயந்துகொண்டே உனக்குப் போன் பண்ணினேன். நடந்ததைச் சொன்னேன். "தொடக்கூடாதுன்னு சொன்னேனேப்பா" என்றாய். "நான் எங்க தொட்டேன்? பூசாரிதானே தொட்டாரு" என்றேன். வேறு என்ன சொல்வது? அடுத்த வாரம் நீயே வந்து, என்னோடு பேசாமல், காரை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனாய். அந்த ஷொப்பில் நின்று அழுதாயாம். அங்கே வேலை செய்த பொடியன் பொனட்டைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தானாம். "இப்படி பொட்டு வச்ச காரு எங்க ஷொப்புக்கு வந்ததே இல்லீங்க. உங்க அப்பாவ ஒருதடவ பாக்கணும்" என்றானாம். பிறகு மெஷின் போட்டுக் கறையோடு சேர்த்து அந்தக் கோட்டிங்கையும் தேய்த்து எடுத்துவிட்டு, "இப்போதைக்கு வாக்ஸ் பூசுங்க. பொட்டு வச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்று அனுப்பினானாம். அவனே இவனே என்று எழுதிவிட்டேன், மாப்பிள்ளை மன்னிக்கட்டும். அப்போது அவர் மாப்பிள்ளை இல்லையே. அந்தப் பொட்டு இல்லையென்றால் நீங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தே இருக்க மாட்டீர்கள் என்று கல்யாணப் பந்தியில் எல்லோரிடமும் சொன்னேன். நீ முறைத்தாய். ஆனால் உண்மை அதுதானே? இன்றைக்கு யோசித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. உன்னை அடிக்கடி வரவிடாமல் பண்ணப்போகிற மனிதரைக் கூட்டிவந்து சேர்த்ததும் நான்தான்.

வாக்ஸ் பூசத் தொடங்கியது உடனே அல்ல. நடுவில் நான் இன்னொரு கூத்து அடித்தேன். காரை நானே மினுக்கிவைத்து உன்னைக் குளிர்விக்கலாம் என்று பதுளைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு சாமானை எடுத்து வைத்தார். ஒன்று கைக்கு அடக்கமான வட்ட டப்பா, உள்ளேயே பஞ்சும் இருந்தது. மற்றது பெரிய போத்தல். "இது வீட்டு ஆளுங்க பாவிக்கிறது. இது கராஜ்காரங்க பாவிக்கிற கொம்பவுண்ட்" என்றார். வீட்டு ஆளா? லொறி ஓட்டியே தலை நரைத்தவனைப் பார்த்து வீட்டு ஆள் என்றால் கோபம் வராதா? கராஜ் போத்தலையே வாங்கி வந்தேன். பொனட்டின் வலது ஓரத்தில், விளக்குக்கு மேலே ஒரு கீறல் இருந்ததல்லவா, அங்கே வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தேன். கீறல் போனது. துணியில் நீலம் ஒட்டியது. அழுக்குத்தான் வருகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் தேய்த்தேன். கடைசியில் பார்த்தால் அந்த ஓரத்தில் பெயின்டே இல்லை, வெளுத்துப்போய் அடிப்பூச்சு தெரிகிறது.

பிறகுதான் மாப்பிள்ளை விளக்கிச் சொன்னார். அந்தச் சாமான் பெயின்டையே சீவி எடுக்கிற சாமான். மெஷினும் வேண்டும், எந்த இடத்தில் எவ்வளவு பெயின்ட் இருக்கிறது என்று அளந்து பார்க்கிற கருவியும் வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். ஓரங்களில் பெயின்ட் மெல்லிசாக இருக்குமாம், அங்கே அவர்களே டேப் ஒட்டிவிட்டுத்தான் மெஷின் வைப்பார்களாம். வீட்டுக்காரர்களுக்கென்று செய்கிற வாக்ஸ் அப்படியில்லை. கூடப் பூசினாலும் குறையப் பூசினாலும் துடைத்தால் போய்விடும், தப்புப் பண்ணினாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அதிக நாள் நிற்காது. இவ்வளவுதான் வித்தியாசம். யாராவது இதைக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: கராஜ் சாமான் நல்லது, வீட்டுச் சாமான் மட்டம் என்றில்லை, பிடிக்கிற கை யாருடையது என்று பார்த்து வாங்கு. நான் பார்க்காமல் வாங்கினேன். நீ வந்து அந்த வெளுத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாய். நீ கத்துவாய் என்று காத்திருந்தேன். "போகட்டும்பா. ஸ்டேஷன்ல நூறு காரு நின்னாலும் நம்ம காரு எதுன்னு தெரியும்" என்றாய். உன் அம்மாவாக இருந்தால் ஒரு மாதத்துக்குச் சோறு போட்டிருக்க மாட்டாள்.

அதற்குப் பிறகுதான் நீ வாக்ஸ் டப்பாவோடு வரத் தொடங்கினாய். ஞாயிறு விடிந்ததும் பீலியிலிருந்து தண்ணீர் பிடித்து வருவோம். ஒரு வாளியில் ஷாம்பூ, ஒரு வாளியில் நல்ல தண்ணீர். மண்ணையெல்லாம் முதலில் தண்ணீர் ஊற்றியே இறக்கிவிட்டு, அப்புறம்தான் துணி வைக்க விடுவாய். ஈரம் போகத் துடைத்து, நீ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக மெல்லிசாகப் பூசி, அது பால் ஆடை மாதிரி வெளுக்கிறவரை காத்திருந்து துடைப்போம். அந்தக் காத்திருக்கிற நேரத்தில் அம்மா தேத்தண்ணி கொண்டுவருவாள். பாப்பா, நீயும் நானும் முகத்தைப் பார்த்துப் பேசிப் பழகினவர்கள் இல்லை. நீ படிக்கிற காலத்தில் நான் லொறியில் இருந்தேன், நான் வீட்டுக்கு வரும்போது நீ தூங்கியிருப்பாய். பொனட்டுக்கு அந்தப் பக்கம் நீயும் இந்தப் பக்கம் நானுமாகக் குனிந்து தேய்க்கும்போதுதான் நமக்குப் பேச்சு வந்தது. ஒருநாள் நீ ஒரே இடத்தை வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே, "அப்பா, அந்த ஷொப்ல வேல செய்றவரு இருக்காருல்ல..." என்று இழுத்தாய். "அந்த இடத்துல பெயின்ட் போயிரும், தள்ளித் தேய்" என்றேன். நீ சிரித்தாய். அதிலேயே எல்லாம் பேசி முடிந்துவிட்டது. எனக்குக் கண் மங்குகிறது, பனி மூட்டத்தில் வளைவுகளில் பயமாக இருக்கிறது என்று நான் உன்னிடம் சொன்னதும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். உன் அம்மாவிடம்கூட அதைச் சொல்லியிருக்கவில்லை. இதையெல்லாம் விட்டுக்கொடு என்று கேட்டால் நான் எப்படி விட்டுக்கொடுப்பேன்?

அதனால் நீ கேட்ட நாளிலிருந்து கோட்டிங் வேண்டாம் என்பதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். நமக்கு ஷெட் இல்லை. தோட்டத்து ரோட்டில் மழை பெய்தால் சிவப்பு மண் கதவு உயரத்துக்கு அடிக்கிறது. வெலிமடைக்குப் போனால் உருளைக்கிழங்கு மூட்டையைக் கதவில் உரசி உரசி ஏற்றுகிறார்கள். மரத்துப் பிசின், காக்கா எச்சம். இந்தக் காருக்கு எதற்கு அவ்வளவு பெரிய சாமான் என்று மாப்பிள்ளையிடமே போனில் அடுக்கினேன். அவர் பொறுமையாக, "மாமா, நீங்க சொல்றதெல்லாம் கோட்டிங் பூசணும்ங்கிறதுக்குத்தான் காரணம்" என்றார். மூட்டை கீறுவதை எந்தப் பூச்சாலும் நிறுத்த முடியாது, ஆனால் மண்ணும் பிசினும் எச்சமும் ஒட்டாமல் தண்ணீர் ஊற்றினாலே இறங்கிவிடும் என்றார். அதோடு விட்டிருக்கலாம். அவர் இன்னொன்றும் சொன்னார். "காரு அழகா இருக்கிறதுக்காகச் சொல்லல மாமா. அவ ரெண்டு மாசத்துக்கொருக்கா பஸ்ல ஆடி ஆடி வந்து, முதுகு வளைஞ்சு தேச்சிட்டு, ராத்திரியோட திரும்பி, காலையில வேலைக்கு ஓடுறா. பாக்க முடியல மாமா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் மகள எனக்குத் தெரியாதா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார், நல்ல மனிதர். எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை. அவர் பார்த்ததை நான் முதலில் பார்க்கவில்லையே என்றுதான். பார்க்கவில்லை என்று சொல்வதும் பொய். போன தடவை நீ வந்தபோது, கதவுகளுக்கு வாக்ஸ் பூசிவிட்டு, காயட்டும் என்று வாசல்படியில் உட்கார்ந்தாய். அப்படியே சுவரில் சாய்ந்து, கையில் துணியைப் பிடித்தபடி தூங்கிப்போனாய். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எழுப்பலாம் என்று வந்தேன். அம்மா என் கையைப் பிடித்து, "எழுப்புனீங்க, அப்புறம் நடக்கிறதே வேற" என்றாள். வாக்ஸ் இறுகிப்போய்விட்டது. தோள் வலியோடு நானே அந்தக் கதவுகளைத் துடைத்து முடித்தேன். கை தூக்க முடியாமல் நாலு நாள் கிடந்தேன். அப்போதே எனக்குத் தெரியும், பாப்பா. தெரிந்தும், உன்னை பஸ் ஏற்றிவிடும்போது "அடுத்த தடவ டப்பா புதுசு வாங்கிட்டு வா" என்றேன். நீ வராமல் போய்விடுவாயோ என்ற பயம் அப்படிப் பேசவைத்தது.

நேற்று இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொன்னேன். வாக்ஸ்தான் நம் காருக்குத் தோது என்று உனக்கு எழுதப்போகிறேன் என்றேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "புள்ள வரணும்னா வரச் சொல்லுங்க. அதுக்கு ஏன் அந்தக் கார இழுக்கிறீங்க? வர்ற புள்ளய ஒரு நாளாச்சும் தூங்க விட்டீங்களா?" என்றாள். அவளிடம் நான் ஏட்டிக்குப் போட்டி பேசுகிறவன்தான். நேற்று மட்டும் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் காருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

சரி, கேள். கோட்டிங்கே பூசுவோம். ஆனால் காரைக் கொழும்புக்கு அனுப்ப மாட்டேன். இங்கேதான் பூச வேண்டும். பெக்டரிக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கிற பழைய லொறி ஷெட்டை மாப்பிள்ளை போன தடவை சுற்றிப் பார்த்தார். கதவை மூடி, தரையை நனைத்துத் தூசியை அடக்கினால் சமாளிக்கலாம் என்று அவர் வாயாலேயே சொன்னார். ஷெட் சாவி வைத்திருப்பவர் என்னோடு லொறியில் இருந்தவர்தான், பேசிவிட்டேன். பொங்கல் கழிந்து மழை விட்டதும், ஈரம் இறங்கின நாளாகப் பார்த்து வாருங்கள். பழைய வாக்ஸையெல்லாம் கழுவி எடுத்து, மெஷின் பிடித்து, எப்படிச் செய்ய வேண்டுமோ அப்படி அவர் செய்யட்டும். நான் ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பேன், மூக்கை நுழைக்க மாட்டேன். வலது விளக்குக்கு மேலே வெளுத்த இடத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் வேண்டாம் என்று சொல். அதற்கு மேலேயே பூசட்டும்.

பூசினபிறகுதான் விஷயம் இருக்கிறது. ஒரு வாரம் தொடக்கூடாது, தண்ணீர் படக்கூடாது. அந்த ஒரு வாரம் என்னை நம்பி விட்டுவிட்டுப் போக முடியுமா? முதல் தடவை என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். பூசாரி இப்போதே, "என்னாண்ணே, காருக்கு மறுபடியும் ஏதோ பூசப்போறீங்களாம், நல்ல நாள் பாக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவரை என்னால் தடுக்க முடியாது. தடுக்க எனக்கு மனமும் வராது. அதனால் நீங்கள் இரண்டு பேரும் அந்த ஒரு வாரம் லீவு போட்டு இங்கேயே இருக்க வேண்டும். பொட்டைக் கண்ணாடியில் வைக்கலாமா, டயரில் வைக்கலாமா என்று மாப்பிள்ளையும் பூசாரியும் பேசி முடித்துக்கொள்ளட்டும்.

அதற்குப் பிறகு மூன்று வருடத்துக்குக் காருக்காக நீ வர வேண்டியதில்லை. எனக்காக வா என்று கேட்க இத்தனை வயதில் வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். முடிந்தபோது வா. வேலை எதுவும் வைத்துக்கொண்டு வராதே. பேச்சு வருமா என்று எனக்கும் பயம்தான். வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்போம், அதற்கும் பழகிக்கொள்வோம்.

ஆனால் முதலில் அந்த ஒரு வாரம். ஹயர் கிடையாது, பீலிக்குப் போக வேண்டியதில்லை, வாளி, துணி எதையும் நீ தொடக்கூடாது. அம்மா உள்ளறையில் பாய் விரித்து வைப்பாள். கார் ஷெட்டில் பூட்டிக் கிடக்கும், அதற்குக் காவல் தேவையில்லை. நான் வாசல்படியில் உட்கார்ந்து, யாரும் வந்து உன்னை எழுப்பாமல் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா